ஆறு காரும் ஐந்து புள்ளியும்

2005 ஜூன் 20, திங்கள்

இண்டியானாபோலிஸ் ரேஸ் நம் நேரத்துக்கு ராத்திரி பதினொன்றரைக்கு ஆரம்பித்து ஒரு மணி வாக்கில் முடிந்தது. வீட்டில் எல்லோரும் படுத்தாயிற்று. டிவி சத்தத்தை அடியோடு குறைத்து வைத்துப் பார்த்தேன். அணிவகுப்புச் சுற்று முடிந்து 20 காரும் வந்து நிற்க வேண்டிய இடத்துக்கு 6 கார்தான் வந்தது. மிச்சம் 14 காரும் வரிசையாகப் பிட் லேனுக்குள் திரும்பிவிட்டன, முதல் இடத்தில் நிற்க வேண்டிய ட்ரூல்லி உட்பட. மிஷலின் டயர் போட்ட ஏழு அணியில் ஒன்றுகூட ஓடவில்லை. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஃபெராரி, ஜோர்டான், மினார்டி மூன்று மட்டும் ஓடின.

73 சுற்று. ஷூமாக்கர் முதல், பாரிசெல்லோ இரண்டு, ஜோர்டானின் மான்டேரோ மூன்று, அதே ஜோர்டானில் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் நாலு. நாலாவது இடத்துக்கு 5 புள்ளி. ஃபார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவர் புள்ளி வாங்குவது இதுதான் முதல் தடவை. போன ஞாயிறு கனடாவில் பாதியிலேயே நின்றுபோனவர். சந்தோஷப்படலாமா கூடாதா என்று ஒரு முடிவுக்கு வராமலே படுத்தேன்.

காலைப் பேப்பரில் ஒன்றும் இல்லை, ராத்திரி ஒரு மணிக்கு முடிந்தது எப்படி வரும்? டயர் பட்டறையைத் திறந்ததும் ஹவுதியா காலேஜ் தம்பி சைக்கிளை நிறுத்திவிட்டு ஓடி வந்தான். ஷூமாக்கர் படத்தைப் புத்தகத்துக்கு அட்டையாகப் போட்டுக்கொண்டு திரிகிறவன். "அண்ணே, ஜெயிச்சாச்சு" என்றான். "யாரை ஜெயிச்சாப்ல?" என்று கேட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டான்.

ஜூன் 21, செவ்வாய்

இன்றைக்குப் பேப்பரில் வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அதே பேச்சுதான். கிரிக்கெட் தவிர வேறு எதையும் பேசாத கூட்டம் வெள்ளிக்கிழமை நடந்த ஆக்சிடெண்டு வரைக்கும் தெரிந்து வைத்திருக்கிறது. 17ஆம் தேதி பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கர் பதிமூன்றாம் வளைவில் இடது பின் டயர் போய்ச் சுவரில் அடித்தார். போன வருஷமும் அதே வளைவில் அடிபட்டு முதுகெலும்பு முறிந்தவர் அவர். மிஷலின்காரர்கள் வேறு டயரை விமானத்தில் வரவழைத்தும் பார்த்தார்கள். அதுவும் தாங்காது என்று தெரிந்ததும், அந்த வளைவில் முழு வேகத்தில் போனால் எங்கள் டயர் நிற்காது என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

ரிட்டையர்டு டிரில் வாத்தியார் ஒரே போடாகப் போட்டார்: "வாக்-ஓவர்யா இது. இருபது காரும் ஓடியிருந்தா உங்க ஆளு பத்தொம்பதாவது." தகுதிச் சுற்றில் நரேன் 19ஆவது இடம் என்பது நிஜம். ஆனால் வாக்-ஓவர் என்றால் மைதானத்தில் வந்து நின்றாலே போதும். இவர்கள் 73 சுற்று ஓட்ட வேண்டியிருந்தது. அதுவும் கூட்டம் கூச்சல் போட்டுத் தண்ணீர் பாட்டிலை டிராக்கில் வீசிக்கொண்டிருக்கும்போது. வாத்தியாரிடம் இதைச் சொன்னேன். "ஓட்டுறதுக்குத்தானப்பா சம்பளம்" என்று சொல்லிவிட்டு வடையைப் பிட்டார்.

தம்பியும் வந்து சேர்ந்தான். வளைவில் சிக்கேன் போட்டு வேகத்தைக் குறைக்கலாம் என்று ஃபெராரி தவிர ஒன்பது அணியும் ஒத்துக்கொண்டதையும் பந்தயத்தை ஆளும் எஃப்ஐஏ மறுத்ததையும் ஒருவர் சொல்ல, இவன் சண்டைக்குப் போனான். நல்ல டயர் கொண்டுவந்தவனுக்கு எதற்கு ரோட்டை மாற்றணும் என்பது இவன் கட்சி. பேச்சில் நியாயம் இருக்கிறது. ஃபெராரிக்காரன் பேசுகிறானே என்பதுதான் கொஞ்சம் எரிச்சல்.

ஜூன் 23, வியாழன்

காற்று தாங்க முடியவில்லை, பட்டறைத் தகரம் ராப்பகலாகப் படபடக்கிறது.

எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப்காரர் ஒருவர் பின் டயர் இரண்டை ரீட்ரேடிங்குக்குக் கொண்டுவந்தார். தினமும் விடிகாலையில் கம்பம் மெட்டு ஏறி, ஏலத்தோட்டத்தில் ஆளை இறக்கிவிட்டுச் சாயங்காலம் கூட்டிக்கொண்டு இறங்குகிற வண்டி. ஒரு டயர் பரவாயில்லை. இன்னொன்றின் உள்பக்கம் கையை விட்டுச் சைடுவாலைத் தடவிக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு மெத்தென்று அமுங்கியது. டார்ச் அடித்து விரித்துப் பார்த்தால் ரப்பர் மேலே முழுசாக இருக்கிறது, அடியில் நூல் விட்டிருக்கிறது. சுத்தியலால் தட்டினால் மற்ற இடமெல்லாம் ‘டங்’ என்கிறது, அங்கே மட்டும் ‘தொப்’. "கேசிங் போயிருச்சுண்ணே, இதுல ரப்பர் ஒட்ட மாட்டேன்" என்றேன். ஒரு மாசம் ஓடினால் போதும் என்று கெஞ்சினார். மாட்டேன் என்றுவிட்டேன்.

நாலு நாளாக மிஷலினைக் கோழை என்று ஊரே திட்டுகிறது. என்னால் முடியவில்லை. இந்த வருஷ விதிப்படி தகுதிச் சுற்றுக்கும் ரேஸுக்கும் சேர்த்து ஒரே செட் டயர்தான்; நடுவில் மாற்ற முடியாது. பதிமூன்றாம் வளைவு சாய்ந்த ரோடு. முழு வேகத்தில் கார் அதில் ஏறும்போது மொத்தப் பாரமும் இடது பின் டயரின் சைடுவாலில் போய் உட்காரும். அந்த ரோட்டையும் புதிதாகப் போட்டுச் சொரசொரப்பாக்கியிருக்கிறார்கள். பிரிட்ஜ்ஸ்டோனின் ஃபயர்ஸ்டோன் டயர் போன மாசம்தான் இண்டி 500-க்காக அதே ரோட்டில் உருண்டது, ஆகவே அவர்களுக்கு ரோட்டின் குணம் தெரியும். மிஷலினுக்குத் தெரியாது. தயாரித்து அனுப்பியது அவர்கள் தப்பு. தெரிந்த பிறகு ஓட்டாதே என்று சொன்னது தப்பில்லை.

எஃப்ஐஏ சொன்ன மாற்று வழியில் ஒன்று, அந்த வளைவில் மட்டும் மெதுவாகப் போங்கள் என்பது. ஜீப்காரரிடம் சொன்னேன். சிரித்துவிட்டார். "இறக்கத்துல நான் மெதுவாப் போவேன். பின்னால வர்ற ஃபெராரி போகுமா? என் முதுகுலல்ல ஏறும்!" பாரிஸில் உட்கார்ந்திருக்கும் யாருக்கும் இது தோன்றவில்லை.

ஜூன் 26, ஞாயிறு

கோம்பையிலிருந்து மாமா வந்திருந்தார். மாட்டு வண்டிப் பந்தயம் என்றால் தேனி ஜில்லாவில் எந்த ஊரானாலும் போய் நிற்பவர். கரிச்சான் மாடு ஒரு ஜோடி வைத்திருக்கிறார். ஆறு காரோடு ஓடிய ரேஸ் கதையை முதலிலிருந்து கேட்டார். எனக்கு நேரம் பிடித்தது, அவருக்குப் புரிய நேரம் பிடிக்கவில்லை.

"கொடி அசைக்கிற நேரத்துல பத்து வண்டி பேரு குடுத்திருக்கும். மாட்டுக்கு முடியலைன்னு நாலு வண்டி ஒதுங்கும். அதுக்காக ஓடுனவனுக்குப் பரிசு இல்லைன்னு எந்த ஊர்க் கமிட்டியும் சொன்னதில்ல" என்றார். வாத்தியார் வாதம் மாமாவுக்கு முன் அரை நிமிஷம் நிற்கவில்லை.

நான் நிம்மதியாகிற நேரத்தில் மாமா அடுத்ததைக் கேட்டார். "சரி, மூணாவது வந்தவன் யாரு?"

"அதே கம்பெனி மாமா. ஒரே கார், ஒரே இன்ஜின், ஒரே டயர்."

"அப்புறம் ஏன் நம்மாளு நாலாவது?"

வாரம் முழுக்க ஊரில் யாரும் கேட்காத கேள்வி. அன்றைக்கு அந்த ரோட்டில் நடந்த பந்தயம் ஒன்றே ஒன்றுதான்: மான்டேரோவுக்கும் நரேனுக்கும். ஃபெராரி எட்டாத இடத்தில், மினார்டி பின்னால். இடையில் இவர்கள் இரண்டு பேர். மான்டேரோ மேடையேறினார். ஃபெராரிக்காரர்கள் இரண்டு பேரும் சீக்கிரம் இறங்கிப் போக, இவர் மட்டும் நின்று ஷாம்பெயினோடு கொண்டாடினார். ஆறு கார்தானே என்பது ஒரு குறையே இல்லை. அந்த மேடையில் நம் ஆள் நின்றிருக்கலாம் என்பதுதான் குறை.

ஜூன் 27, திங்கள்

மாமா கேள்வியைத் தம்பியிடம் போட்டேன். சாயங்காலமே நோட்டும் கையுமாக வந்தான். ஷூமாக்கர் பைத்தியம் என்றாலும் கணக்கில் சுத்தம். மெல்போர்னில் நரேன் 15, மான்டேரோ 16. மலேசியாவில் 11, 12. இமோலாவில் 12, 13. மூன்றிலும் நம் ஆள் முன்னால். ஸ்பெயினிலும் ஜெர்மனி நூர்பர்க்ரிங்கிலும் மான்டேரோ முன்னால். பஹ்ரைன், மொனாக்கோ, கனடா மூன்றிலும் நரேன் பாதியில் நின்றுவிட்டார். மான்டேரோ இதுவரை ஒன்றில்கூட நிற்கவில்லை. வேகம் நரேனிடம், முடிக்கிற கெட்டிக்காரத்தனம் மான்டேரோவிடம் என்று தம்பி தீர்ப்பு எழுதினான்.

முதல் ரேஸில் மெல்போர்ன் மழையில் தகுதிச் சுற்றில் 12ஆவது இடம் பிடித்தாரே நரேன், அதை இந்த ஊரில் எத்தனை பேர் பேசினார்கள்? அந்த ஜோர்டானை வைத்துக்கொண்டு 12 என்பது இந்த நாலை விடப் பெரிசு. இருங்காட்டுக்கோட்டையில் ஃபார்முலா மாருதி ஓட்டித் தொடங்கியவருக்கு மழை ரோடு பயம் காட்டவில்லை. புள்ளி வராததால் பேப்பரில் மூலையில் போட்டார்கள்.

ஜூன் 30, வியாழன்

இரண்டு செய்தி. அன்றைக்கு டிக்கெட் வாங்கிய எல்லாருக்கும் பணத்தைத் திருப்பித் தருவதாக மிஷலின் சொல்லிவிட்டது. அடுத்த வருஷ ரேஸுக்கு 20,000 டிக்கெட் வாங்கி இந்த வருஷம் ஏமாந்தவர்களுக்குக் கொடுக்கவும் போகிறார்கள். இரண்டாவது, நேற்று பாரிஸில் எஃப்ஐஏ உட்கார்ந்து ஏழு அணி மேலும் ஐந்து குற்றச்சாட்டில் இரண்டை நிலைநிறுத்தியது: தகுந்த டயர் கொண்டுவராதது ஒன்று, காரை ஓட்ட மறுத்தது ஒன்று. தண்டனை செப்டம்பரில் முடிவாகும்.

தகுந்த டயர் கொண்டுவராதது குற்றம், சரி. தகுந்ததில்லாத டயரோடு ஓட்ட மறுத்ததும் குற்றமா? வாத்தியாரும் நானும் இதில் மட்டும் ஒரே கட்சி. டீக்காசு அவரே கொடுத்தார்.

நரேனும் ஓடாமல் நின்றிருக்கலாமே என்று இன்னொருவர் இழுத்தார். டிரைவர் கையில் என்ன இருக்கிறது? ஜோர்டான் ஓடாவிட்டால் நாங்களும் ஓடமாட்டோம் என்றிருந்த மினார்டி முதலாளி ஸ்டோடார்ட், ஜோர்டான் ஓடப்போகிறது என்று தெரிந்ததும் தானும் இறக்கினார். எல்லாம் முதலாளிகள் கணக்கு.

ஜூலை 4, திங்கள்

பிரான்ஸ். எல்லாக் காரும் ஓடின. அலோன்ஸோ முதல். மான்டேரோ 13, நரேன் 15. "பாத்தியா" என்றார் வாத்தியார். வேறெதுவும் சொல்லவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

ஜீப்காரர் வேறு இடத்தில் அந்த டயருக்கு ரப்பர் ஒட்டிக்கொண்டாராம். கேள்விப்பட்டதிலிருந்து மனசு சரியில்லை.

ஜூலை 24, ஞாயிறு

வெள்ளிக்கிழமை எஃப்ஐஏ தன் தீர்ப்பைத் தானே திருப்பிவிட்டது. ஏழு அணி மேலும் குற்றம் இல்லை. அப்படியானால் ஜூன் 19 கூத்துக்கு யார்தான் பொறுப்பு என்று தம்பி கேட்கிறான். ஷூமாக்கருக்கு இந்த வருஷம் கிடைத்திருக்கும் ஒரே வெற்றி அதுதான் என்பதால் அவனுக்கு உறுத்தல்.

இன்று ஹாக்கன்ஹைம். சாயங்காலம் என்பதால் பட்டறையிலேயே சின்ன டிவி வைத்தோம். ஐந்தாறு பேர் பழைய டயர் மேலே உட்கார்ந்து பார்த்தார்கள். முன்னால் யார் ஓடுகிறார்கள் என்று நான் பார்க்கவே இல்லை. திரையில் ஓரமாகப் பெயர் ஓடும்போது மஞ்சள் ஜோர்டான் காரின் இரண்டு பெயரை மட்டும் தேடிக்கொண்டிருந்தேன். முடிவில் நரேன் 16, மான்டேரோ 17. எழுந்து எல்லோருக்கும் டீ சொன்னேன். வாத்தியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நாலாவது வந்தப்ப ஒரு பிஸ்கட்டுக்கு வழியில்ல, பதினாறுக்கு டீயா?"

மாமாவுக்கும் போன் போட்டுச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "பரிசு எத்தனை பேருக்கு?" என்றார்.

"எட்டுப் பேருக்கு மாமா."

"அப்ப பதினாறுக்கு என்ன குடுப்பாக?"

"ஒண்ணும் இல்ல."

"வெறுங்கையோட வந்ததுக்கா இம்புட்டுச் சத்தம்? வைடா போனை, மாட்டுக்குத் தண்ணி காட்டணும்."