இரண்டரை மணிக்கு விழித்திருந்தவர்

நவம்பர் 3, 2025, திங்கள்

தம்பி டொராண்டோவிலிருந்து ஆர்டர் போட்ட மூன்று வைஃபை பெட்டிகள் இன்று வந்து சேர்ந்தன. எங்கள் கும்பகோணத்து வீடு ரேழியில் தொடங்கிக் கொல்லை வரை ஒரே நீளம். சுவரெல்லாம் கனமான சுண்ணாம்புக் காரை. ரேழியில் மாட்டியிருக்கும் ஃபைபர் பெட்டியின் சிக்னல் கூடத்தோடு நின்றுவிடும். அடுக்களையில் அம்மாவின் யூடியூப் சுற்றிக்கொண்டே கிடக்கும். நான் ட்யூஷன் எடுக்கும் பின்கட்டு அறைக்கு எதுவும் எட்டாது. இந்த மூன்றும் ஒன்றோடொன்று பேசி, ஒரே பெயரில் வீடு முழுக்க வைஃபையைக் கொண்டுபோகுமாம். மெஷ் என்கிறார்கள்.

பெட்டியை மாட்ட ஆப் வேண்டும், ஆப்புக்குக் கணக்கு வேண்டும், கணக்குக்கு மின்னஞ்சல், போன் எண், இருப்பிட அனுமதி எல்லாம் வேண்டும். பழைய ரவுட்டரில் 192.168.1.1 என்று பிரவுசரில் அடித்தால் பெட்டிக்குள்ளேயே இருக்கும் பக்கம் திறக்கும். நெட் இல்லாவிட்டாலும் பாஸ்வேர்டை மாற்றலாம். இதில் கூடத்தில் உட்கார்ந்து கொடுக்கிற கட்டளைகூட முதலில் கம்பெனியின் சர்வருக்குப் போய், அங்கிருந்துதான் வீட்டுக்குத் திரும்பி வருகிறது.

தம்பி வீடியோ காலில் இருந்தபடியே தன் கணக்கில் எல்லாவற்றையும் முடித்துவிட்டான். "நீ ஒண்ணும் பண்ண வேணாம்க்கா. எதுவானாலும் நான் இங்கேருந்தே பாத்துக்கறேன்." பின்கட்டில் சிக்னல் நன்றாகவே வருகிறது.

நவம்பர் 7, வெள்ளி

காலை ஆறு மணிக்குத் தம்பியின் போன். "அப்பா ராத்திரி தூங்கலியாக்கா? ரெண்டரை மணிக்கு அவர் போன்ல டேட்டா ஓடிட்டிருந்துது. நாலு மணி வரைக்கும் ஓடியிருக்கு. உடம்பு ஏதும் சரியில்லையா?"

நான் படுப்பது அப்பாவுக்கு அடுத்த அறையில். எனக்குத் தெரியாதது கடல் கடந்து இருக்கிறவனுக்குத் தெரிந்திருக்கிறது.

காப்பி கொடுக்கும்போது அப்பாவிடம் கேட்டேன். தூக்கம் வரவில்லை, காதில் மாட்டிக்கொண்டு நாகஸ்வரம் கேட்டேன் என்றார். பிறகு, "நான் முழிச்சிருந்தது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார். எழுபத்தெட்டு வயதில் யாரையும் எழுப்பாமல், தன் பாட்டுக்கு ஒரு ராத்திரியைக் கழித்திருக்கிறார். அது அவருக்கே உரிய நேரம். அதில் வேறு ஆள் இருந்தான் என்று அறிந்த முகத்தை நான் பார்க்க வேண்டியதாகிவிட்டது.

நவம்பர் 8, சனி

பெட்டிக்கு என்னென்ன தெரியும் என்று உட்கார்ந்து படித்தேன். பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுப்பவள் என்பதால் படிப்பது கஷ்டமாக இல்லை. மனசுக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

வங்கிப் பக்கத்தில் நான் என்ன தட்டுகிறேன் என்பது பெட்டிக்குத் தெரியாது. எச்டிடிபிஎஸ் அதை மூடிவிடுகிறது. ஆனால் எந்தத் தளத்துக்குப் போகிறேன் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும், ஏனென்றால் தளத்தின் பெயரைக் கேட்டுப் போகிற டிஎன்எஸ் கேள்வி பெட்டி வழியாகத்தான் போகிறது. எந்தப் போன் எப்போது வந்தது, எப்போது போனது, எவ்வளவு டேட்டா இழுத்தது என்பதும் தெரியும். மெஷ்ஷாக இருப்பதால் எந்தப் பெட்டியோடு ஒட்டியிருக்கிறது என்பதும் தெரியும். அதாவது அம்மா அடுக்களைப் பக்கமா, ரேழிப் பக்கமா என்பதுகூட.

போன் கையில் இல்லாமலே ஆளைக் கண்டுகொள்ளும் வித்தையும் வந்துவிட்டது. மனித உடம்பு குறுக்கே போனால் வைஃபை அலை கலையும். அந்தக் கலைவை அளந்து வீட்டுக்குள் நடமாட்டம் இருக்கிறதா என்று சொல்லிவிடலாம். அமெரிக்காவில் காம்காஸ்ட் நிறுவனம் 'வைஃபை மோஷன்' என்று இதை ஒரு வசதியாகவே கொடுக்கிறது. வாடிக்கையாளர் விரும்பினால் மட்டும் இயக்கிக்கொள்ளலாம். ஆனால் சட்ட விசாரணை என்று வந்தால், அந்தத் தகவலை மேற்கொண்டு அறிவிக்காமலே பிறருக்குக் கொடுக்கலாம் என்று அதன் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது.

நம் உள்ளடக்கத்தைத் திருடுவார்களோ என்றுதான் எல்லோரும் பயப்படுகிறோம். எனக்கு இப்போது அந்தப் பயம் குறைந்து வேறொன்று வந்திருக்கிறது. எப்போது தூங்குகிறோம், எப்போது எழுந்திருக்கிறோம், யார் வந்து போகிறார்கள் என்ற வீட்டின் நடைமுறையே வரிவரியாக வெளியே போகிறது. எதையும் உடைத்துத் திருட வேண்டாம். நாமே வாசலில் மாட்டிய பெட்டி அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது.

நவம்பர் 10, திங்கள்

பெட்டியின் பிடி கம்பெனியின் கையில் இருப்பது இன்று நேற்று வந்த சங்கதி இல்லை. 2012 ஜூன் கடைசியில் சிஸ்கோ நிறுவனம் சில லிங்க்சிஸ் ரவுட்டர்களுக்கு ஒரு அப்டேட் அனுப்பியது. தானாக அப்டேட் ஆகும்படி விட்டிருந்தவர்கள் மறுநாள் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தால், 'கனெக்ட் கிளவுட்' கணக்குத் தொடங்கச் சொன்னது. காசு கொடுத்து வாங்கிய பெட்டி, வாங்கிய பிறகு வேறு பெட்டியாகிவிட்டது. அதோடு வந்த தனியுரிமைக் குறிப்பில், இணையப் பயன்பாட்டு வரலாற்றையும் சேகரிக்கக்கூடும் என்ற அர்த்தத்தில் வரிகள் இருந்தன. ஜனங்கள் கொதித்தார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, வரலாற்றைச் சேகரிக்கவில்லை என்றது, அந்த வரிகளை நீக்கியது, பழைய முறைக்குத் திரும்ப வழியும் சொன்னது. அடுத்த வருஷமே லிங்க்சிஸ்ஸை பெல்கினுக்கு விற்றுவிட்டது.

விற்பது என்பதைத்தான் நான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். ஈரோ என்ற மெஷ் கம்பெனியை 2019-இல் அமேசான் வாங்கியது. அதன் பெட்டிகளை முதலில் வாங்கியவர்கள் ஒரு சின்னக் கம்பெனியை நம்பி வாங்கினார்கள். கணக்கை வைத்திருக்கும் கை மாறும்போது வீட்டிலிருப்பவனின் சம்மதம் தேவைப்படுவதில்லை.

வேண்டுமென்று செய்யாவிட்டாலும் பிசகு நடக்கிறது. 2023 டிசம்பர் 13 அன்று யுபிக்விட்டி என்ற கம்பெனியின் கிளவுடில் 1,216 கணக்குகள் இன்னொரு 1,177 கணக்குகளோடு தவறாகப் பிணைந்துவிட்டன. சிலருக்கு முன்பின் தெரியாதவர் வீட்டுக் கேமராவின் படம் அறிவிப்பாக வந்தது. போன வருஷம் ஜூலையில் பெல்ஜியத்தின் நுகர்வோர் அமைப்பான டெஸ்ட்ஆன்கோப், லிங்க்சிஸ் வெலோப் ப்ரோ வகை ரவுட்டர்கள் இரண்டு, வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் மறைக்காமல் அப்படியே அமெரிக்காவிலுள்ள சர்வருக்கு அனுப்பியதைக் கண்டுபிடித்துச் சொன்னது. இவை கெட்ட எண்ணத்தால் வந்தவை என்று நான் சொல்லவில்லை. வீட்டுச் சாவியை ஊருக்கு வெளியே ஒரே இடத்தில் குவித்து வைக்கும் ஏற்பாட்டில் இப்படித்தான் ஆகும்.

நவம்பர் 12, புதன்

மழையில் ஃபைபர் வயர் அறுந்துவிட்டது. நெட்காரத் தம்பி வந்து ஒட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டேன், ரேழியில் இருக்கும் அவர்கள் பெட்டியையும் வெளியிலிருந்து இயக்க முடியுமா என்று. "ஆமாக்கா, பாஸ்வேர்ட் மறந்துட்டோம்னு போன் பண்ணினா ஆபீஸ்லேருந்தே மாத்திக் குடுத்துடுவோம்" என்றான்.

டிஆர்-069 என்ற நெறி அது, 2004-இலிருந்து இருக்கிறது. சேவை கொடுப்பவர் தொலைவிலிருந்து பெட்டியைத் திருத்துவதற்கு. 2016 நவம்பரில் இதற்கான கதவைத் தட்டி நுழையப் பார்த்த ஒரு தாக்குதலில் ஜெர்மனியின் டாய்ச்சே டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேருக்கு இணைப்பு போனது. நெட்டுக்கு ஒரு வழி வேண்டும் என்பதால் இந்த ஒரு பெட்டியை ஏற்றுக்கொள்ளலாம். அதற்குப் பின்னால் நம்முடைய ரவுட்டர் ஒன்றை வைத்து, வீட்டுப் போன்களை எல்லாம் அதில் சேர்த்தால் அவர்களுக்கு அந்த ஒரு ரவுட்டர்தான் தெரியும்.

சாயங்காலம் டொராண்டோவிலிருந்து தம்பி: "புதுசா நாலு போன் சேந்திருக்கே, யாருக்கா?" ட்யூஷன் பிள்ளைகள். போனுக்குத் தங்கள் பெயரையே வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்கள் பட்டியலில் வரிசையாக நிற்கின்றன. இந்தப் பிள்ளைகளின் வீட்டில் யாரைக் கேட்டோம்?

நவம்பர் 15, சனி

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் அரசிதழில் வந்துவிட்டதாகப் பேப்பரில் போட்டிருக்கிறது. சட்டம் 2023-இல் நிறைவேறியது. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் அமலாக இன்னும் 18 மாதம். சம்மதம் தெளிவாகக் கேட்க வேண்டும், கேட்டால் அழிக்க வேண்டும், பதினெட்டு வயது நிரம்பாதவர்களின் நடத்தையைக் கண்காணிக்கக் கூடாது. நல்ல விஷயங்கள்.

மூன்றாம் பிரிவில் ஒரு வரி. தனிமனிதர் தன் சொந்தக் காரியத்துக்கோ வீட்டுக் காரியத்துக்கோ கையாளும் தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அது நியாயமும்கூட. அம்மாவின் மருந்துச் சீட்டை நான் போனில் வைத்துக்கொள்ள யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டிருக்க முடியாது. ஆனால் தம்பி அப்பாவின் ராத்திரியைப் பார்ப்பதும் அந்த வரிக்குள்தான் அடங்கும். கம்பெனியைச் சட்டம் கேள்வி கேட்கும். தம்பியை நான்தான் கேட்க வேண்டும்.

நவம்பர் 16, ஞாயிறு

கடைமுழுக்கு. விடியற்காலையில் மூவரும் கிளம்பி மாயவரம் துலாக்கட்டத்தில் முழுகிவிட்டு, கோயிலில் தரிசனமும் முடித்து வீடு திரும்பினோம். கூட்டத்தில் அம்மாவின் கையை விடவேயில்லை.

வழியில் தம்பியின் செய்தி. "வீட்ல யாருமே இல்லியா? காலைலேருந்து எல்லாப் போனும் ஆஃப்லைன்."

வெளியூர் போகிறோம் என்பதை நாங்கள் எதிர்வீட்டு மாமியிடம் மட்டும் சொல்லி, சாவியைக் கொடுத்துவிட்டுப் போவோம். வீடு பூட்டிக் கிடக்கும் நேரம் அவ்வளவு பத்திரமாகக் காக்க வேண்டியது. இன்று அது எந்த தேசத்திலோ ஒரு சர்வரில் மணி, நிமிஷத்தோடு பதிந்திருக்கிறது.

நவம்பர் 18, செவ்வாய்

நேற்று ராத்திரி தம்பியோடு நீண்ட நேரம் பேசினேன். அவன் பக்கமும் இருக்கிறது. முன்பொரு முறை அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, விடியும் வரை யாருக்கும் தெரியாமல் கிடந்தது அவன் மனதை விட்டுப் போகவில்லை. "அங்கே இருக்கற உனக்கு இது தேவையில்லக்கா. எனக்கு அந்த லிஸ்ட்ல அப்பா பேர் பச்சையா எரிஞ்சாத்தான் வேலையே ஓடும்" என்றான். குரல் உடைந்தது. அவனைக் கோபித்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

போனை அப்பாவிடம் கொடுத்தேன். அவர் சுற்றி வளைக்கவில்லை. "உனக்குக் கவலையா இருந்தா போன் பண்ணு, எந்நேரமானாலும் எடுக்கறேன். எப்படி இருக்கேன்னு நான் சொல்லித்தான் நீ தெரிஞ்சுக்கணும்பா."

வெகுநேரம் கழித்துத் தம்பி, "சரிப்பா" என்றான்.

நவம்பர் 22, சனி

குளியலறைச் சுவரில் தாழ்வாக ஓர் அழைப்பு மணி வைத்தாயிற்று. விழுந்து கிடந்தாலும் கைக்கு எட்டும் உயரம். அடித்தால் என் அறையில் அலறும். அதற்கு இணையமே வேண்டாம். அம்மா இரண்டு முறை அடித்துப் பார்த்துச் சிரித்தாள்.

பெட்டிகளுக்குப் பதில், கணக்கில்லாமல் பிரவுசரிலேயே அமைத்துக்கொள்ளக்கூடிய சாதாரண ரவுட்டர்கள் இரண்டு வாங்கிவிட்டேன். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருள் ஏற்றக்கூடிய வகையாகப் பார்த்து எடுத்தேன். கம்பெனி நாளைக்கு மனம் மாறினாலும் பெட்டி என் கையில் இருக்கும். நெட்காரத் தம்பி ரேழியிலிருந்து பின்கட்டு வரைக்கும் உத்தரத்தை ஒட்டி கேபிள் இழுத்துக் கொடுத்தான். தொலைவிலிருந்து நிர்வகிக்கும் வசதியை அணைத்தேன். பிள்ளைகளுக்குத் தனியாக விருந்தினர் வைஃபை. அடுக்களையில் வேகம் மெஷ் அளவுக்கு இல்லை. அம்மாவுக்குப் போதும்.

நவம்பர் 25, செவ்வாய்

ஆப்பை நீக்கினால் கணக்கு அழியாது. கணக்கு தம்பி பெயரில் இருப்பதால் அவன்தான் எழுத வேண்டும். கனடாவில் 2000-ஆம் ஆண்டிலிருந்தே இதற்குச் சட்டம் இருக்கிறது. தன்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று எழுத்தில் கேட்டால், பொதுவாக 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். இருவரும் சேர்ந்து கடிதத்தை எழுதினோம். முதலில் எங்கள் வீட்டைப் பற்றிப் பதிந்தவற்றின் நகல், பிறகு அவை யாருக்கெல்லாம் போயின என்ற விவரம், அதன்பின் எல்லாவற்றையும் அழித்ததற்கான உறுதி. ட்யூஷன் பிள்ளைகளின் போன் பெயர்களைத் தனியே குறிப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். இன்று காலை அனுப்பிவிட்டான். பதில் வராவிட்டால் அங்குள்ள தனியுரிமை ஆணையரிடம் புகார் கொடுக்கலாம். அதற்கான படிவத்தையும் எடுத்து வைத்திருக்கிறான்.