பச்சைத் தேவதை மேல் ஒரு கொலைக் கேஸ்

ஒரு பாட்டில் மேல் கொலைக் கேஸ் போட முடியுமா? முடியும். தண்டனையும் வாங்கித் தர முடியும். சுவிட்சர்லாந்தில் அப்சிந்த் என்ற மதுவுக்கு அப்படித்தான் நடந்தது. உள்ளே இருந்த காலம் கிட்டத்தட்ட 95 வருஷம்.

1905 ஆகஸ்ட் 28. பிரெஞ்சு பேசும் வோ மாநிலத்தில் கொமுன்யி என்று ஒரு சின்ன கிராமம். ழான் லான்ஃப்ரே என்ற கூலித் தொழிலாளி அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, தன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டு வைக்கவில்லை என்று மனைவியோடு சண்டை போட்டார். சண்டை முற்றி, துப்பாக்கியை எடுத்துக் கர்ப்பிணி மனைவியைச் சுட்டார். பிறகு இரண்டு சின்னப் பெண் குழந்தைகளையும் சுட்டார். கடைசியில் தன்னையும் சுட்டுக்கொண்டார், ஆனால் சாகவில்லை.

அன்றைக்கு அவர் என்னென்ன குடித்திருந்தார் என்ற கணக்கு விசாரணையில் வந்தது. காலையில் அப்சிந்த் இரண்டு கிளாஸ். ஒரு புதினா மது. ஒரு கோன்யாக். வேலை நேரத்தில் கிளாஸ் கிளாஸாக ஒயின். பிராந்தி கலந்த காபி. வீட்டுக்கு வந்த பிறகு மறுபடியும் ஒயின். தினமும் லிட்டர் கணக்கில் ஒயின் குடிப்பது அவருக்கு வழக்கம். இவ்வளவு பெரிய பட்டியலில் பத்திரிகைகள் பொறுக்கி எடுத்தது அந்த முதல் இரண்டு கிளாஸை மட்டும்தான்! "அப்சிந்த் கொலை" என்று தலைப்பு ஓடியது. 1906 பிப்ரவரியில் வழக்கு நடந்தபோது ஒரு மனநல மருத்துவர் சாட்சிக் கூண்டில் ஏறி, இது அப்சிந்த் பைத்தியம் என்றே சொன்னார். தண்டனை கிடைத்த சில நாட்களில் லான்ஃப்ரே சிறையில் தூக்குப் போட்டுக்கொண்டார். ஆசாமி போய்விட்டார், பாட்டில் மாட்டிக்கொண்டது.

சரி, அப்படி என்னதான் இருக்கிறது அதில்?

அடிப்படையில் அது ஒரு மூலிகைச் சாராயம். வார்ம்வுட் என்ற கசப்புச் செடி, அனிஸ் என்கிற சோம்பு வகை, பெருஞ்சீரகம், இந்த மூன்றும்தான் உயிர்நாடி. வார்ம்வுட் ஏதோ மந்திரவாதி தோட்டத்துச் செடி என்று நினைக்க வேண்டாம். பூக்கடையில் கதம்பத்தோடு வைத்துக் கட்டித் தரும் மரிக்கொழுந்து இருக்கிறதே, அதுவும் இதுவும் ஆர்டிமீசியா என்ற ஒரே பேரினம். பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை மாதிரி. மூலிகைகளைக் கடுமையான சாராயத்தில் ஊறவைத்து, காய்ச்சி வடித்து, பிறகு இன்னும் சில இலைகளைப் போட்டு நிறம் ஏற்றுவார்கள். இலையின் பச்சைதான் பாட்டிலின் பச்சை. "பச்சைத் தேவதை" என்ற செல்லப் பெயர் அதனால்தான். விஸ்கி 40 சதவீதத்தை ஒட்டி நிற்கும்போது, பழைய காலத்து உயர்தர அப்சிந்த் 70ஐத் தொட்டுக்கொண்டு நிற்கும். அப்படியே குடித்தால் தொண்டை வெந்துவிடும். தண்ணீர் கலந்தே ஆக வேண்டும்.

அந்தத் தண்ணீர் கலக்கிற வேலையைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பூஜை மாதிரி ஆக்கிவிட்டார்கள்.

முதலில் கிளாஸின் அடியில் கொஞ்சம் அப்சிந்த். கிளாஸின் வாய்மேல் ஓட்டைகள் போட்ட தட்டையான கரண்டி. கரண்டியின் மேல் ஒரு சர்க்கரைக் கட்டி. அதன் மேல் ஐஸ் போலக் குளிர்ந்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பெரிய கபேக்களில் இதற்கென்றே மேஜை நடுவில் நான்கு குழாய் வைத்த கண்ணாடிக் கூஜா இருக்கும். சர்க்கரை கரைந்து உள்ளே இறங்க இறங்க, கண்ணாடி மாதிரி இருந்த பச்சைத் திரவம் மெல்ல மெல்லப் பால் நிறத்துக்கு மாறும். இதற்கு லூஷ் என்று பெயர். ஒரு பங்குக்கு மூன்று முதல் ஐந்து பங்கு தண்ணீர் போகும். அவசரக்காரர்களுக்கு வேலை இல்லை.

பால் நிறம் வருவதில் மாயம் எதுவும் கிடையாது. தண்ணீரில் டெட்டால் ஊற்றியவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருக்கிறார்கள். சோம்பில் இருக்கும் அனெத்தோல் என்ற எண்ணெய் சாராயத்தில் கரையும், தண்ணீரில் கரையாது. தண்ணீர் கூடக் கூட அது பொடிப் பொடித் துளிகளாகப் பிரிந்து மிதக்கும், வெளிச்சம் சிதறும், திரவம் வெள்ளையாகத் தெரியும். அவ்வளவுதான். (டெட்டாலை உதாரணம் சொன்னதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் மன்னிக்க வேண்டும்.)

ஆனால் கவர்ச்சி அந்தக் காத்திருப்பில்தான் இருந்தது. பாரிஸ் கபேக்களில் சாயங்காலம் ஐந்து மணிக்குப் "பச்சை நேரம்" என்றே பெயர். ஓவியர் டேகா 1870களில் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில், பாலாகிப் போன ஒரு கிளாஸுக்கு முன்னால் எங்கேயோ வெறித்தபடி ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். வான்கோ, வெர்லேன் என்று குடித்த கலைஞர்களின் பட்டியல் நீளமானது. அவர்கள் கலைஞர்களாக இருந்ததால்தான் அப்சிந்த் இன்றும் பேசப்படுகிறது. அதே மேஜைகளில் உட்கார்ந்து குடித்த குமாஸ்தாக்களையும் தையற்காரர்களையும் பற்றி யாரும் புத்தகம் போடவில்லை.

சினிமாவில் காட்டுகிற மாதிரி சர்க்கரைக் கட்டியை அப்சிந்தில் நனைத்து நெருப்பு வைப்பது? அது பழைய பிரெஞ்சுப் பழக்கமே இல்லை. 1990களில் செக் நாட்டுப் பார்களில் வியாபாரத்துக்காகக் கிளப்பிவிட்டது. மூலிகை வாசனையும் கெடும், 70 சதவீதச் சாராயத்துக்குப் பக்கத்தில் நெருப்பு என்றால் புருவமும் போகும்.

இனி இதில் இருக்கும் கணக்குப் பாடம். அப்சிந்த் முதலில் பணக்காரச் சரக்கு. பெர்னோ குடும்பம் 1805ல் பிரான்சின் போந்தார்லியே ஊரில் ஆலை வைத்தது. 1830களுக்குப் பிறகு அல்ஜீரியாவில் சண்டை போட்ட பிரெஞ்சுச் சிப்பாய்களுக்குக் காய்ச்சல் வராமல் இருக்க இதைக் கொடுத்தார்கள். ஊர் திரும்பிய சிப்பாய்கள் ருசியையும் கூடவே கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய விஷயம். 1860களிலிருந்து ஃபைலாக்ஸெரா என்ற பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை வேரோடு அழித்தது. ஒயின் கிடைக்கவில்லை, விலை ஏறியது. டீ விலை ஏறினால் காபிக்கு மாறுவார்கள் என்று முதல் வருஷப் பொருளாதாரத்தில் படிக்கிறோமே, அதே பதிலீட்டுப் பண்டம் கதைதான். பீட்ரூட் சாராயத்திலும் தானியச் சாராயத்திலும் அப்சிந்த் மலிவாகத் தயாராகி, கூலித் தொழிலாளி கைக்கு வந்துவிட்டது. மட்டமான தயாரிப்பாளர்கள் பச்சை நிறத்துக்காக மயில்துத்தம் கூடக் கலந்தார்கள்.

(நடுவில் ஒரு கிளைக்கதை. 1901 ஆகஸ்ட் 11 அன்று போந்தார்லியேவில் பெர்னோ ஆலை மேல் இடி விழுந்து தீப்பிடித்தது. தொட்டிகள் வெடித்துவிடாமல் இருக்க அப்சிந்தை டூ ஆற்றில் திறந்துவிட்டார்கள். பல கிலோமீட்டர் தள்ளி, லூ என்ற வேறொரு ஆறு பாறையிலிருந்து பிறக்கும் இடத்தில் சோம்பு வாசனை வந்தது. இரண்டு ஆறுகளுக்கும் பூமிக்கு அடியில் தொடர்பு இருப்பது அப்படித்தான் தெரிந்தது. பூகோளத்துக்கு அப்சிந்த் செய்த சேவை!)

திராட்சைத் தோட்டங்கள் மெல்ல மீண்டு எழுந்தன. அமெரிக்க வேர்களில் ஒட்டுக் கட்டிய புதுக் கொடிகளில் ஒயின் வெள்ளமாக வந்தது. ஆனால் வாடிக்கையாளர்கள் பழைய கடைக்குத் திரும்பவில்லை. போட்டியாளரை விலையால் ஜெயிக்க முடியாவிட்டால் என்ன செய்வார்கள்? சட்டத்தால் ஜெயிப்பார்கள். பிரான்சில் ஒயினும் பியரும் "ஆரோக்கிய பானம்" என்ற வகையில் குறைந்த வரியோடு இருந்தன. 1907ல் பாரிசில் நடந்த எதிர்ப்புக் கூட்டத்தின் கோஷமே ஒயினுக்கு ஆதரவு, அப்சிந்துக்கு எதிர்ப்பு என்பதுதான். மதுவிலக்கு கேட்டவர்களும் ஒயின் வியாபாரிகளும் ஒரே மேடையில்!

இந்த இடத்தில்தான் சிரிப்பு நின்றுபோகிறது. லான்ஃப்ரே சம்பவத்துக்குப் பிறகு அப்சிந்தைத் தடை செய்யச் சொல்லி வோ மாநிலத்தில் 82 ஆயிரம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். குடித்துவிட்டு வரும் புருஷனிடம் அடி வாங்கிக்கொண்டிருந்த பெண்களுக்கு அது வெறும் பிரசாரம் இல்லை, அன்றாட வாழ்க்கை. 1908 ஜூலை 5 அன்று நாடு முழுக்க வாக்கெடுப்பு நடந்தது. ஓட்டுப் போட்டது ஆண்கள் மட்டும்தான். சுவிஸ் பெண்களுக்கு நாடு தழுவிய வாக்குரிமை வந்தது 1971ல். சுமார் 63 சதவீதம் பேர் தடைக்கு ஆதரவு. அரசியல் சட்டத்திலேயே எழுதி, 1910 அக்டோபர் 7 முதல் அப்சிந்த் குற்றம் ஆனது. ஆனால் கொமுன்யியில் அந்தப் பெண்ணும் குழந்தைகளும் செத்த நாளில் லிட்டர் கணக்கில் உள்ளே போயிருந்த ஒயின்? அது மேஜையிலேயே இருந்தது. அடுத்த நாள் சாயங்காலமும் புருஷன்மார் குடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்கள். கிளாஸில் இருந்த நிறம் மட்டும் மாறியது.

மற்ற நாடுகளும் வரிசையாக வந்தன. அமெரிக்கா 1912, பிரான்ஸ் 1915.

மருத்துவர்கள் காட்டிய ஆதாரம் துஜோன் என்ற பொருள், வார்ம்வுட் எண்ணெயில் இருப்பது. மான்யான் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1860களில் கினிப் பன்றிகளை வைத்துச் சோதனை செய்தார். சுத்தமான வார்ம்வுட் எண்ணெயின் ஆவியைச் சுவாசித்த பன்றிக்கு வலிப்பு வந்தது. சாராய ஆவியைச் சுவாசித்ததற்குப் போதைதான். துஜோன் அதிகமானால் வலிப்பு வரும் என்பது உண்மை. ஆனால் கிளாஸில் இருப்பது சுத்தமான எண்ணெய் இல்லையே! 2008ல் வெளியான ஆய்வில், தடைக்கு முந்திய காலத்து 13 பாட்டில்களைத் திறந்து அளந்தார்கள். சராசரி துஜோன் லிட்டருக்கு 25 மில்லிகிராம் அளவுதான். இன்றைய ஐரோப்பிய வரம்பே கிலோவுக்கு 35 மில்லிகிராம். அந்த அளவில் தேவதையும் வராது, பிசாசும் வராது. அன்றைக்கு மனிதர்களை அழித்தது அதில் இருந்த சாராயம்தான். இன்றைக்கும் அழிக்கக்கூடியது அதுதான்.

தடையால் நேரடியாக அடி வாங்கியது சுவிட்சர்லாந்தின் வால் த திரவேர் பள்ளத்தாக்கு. அப்சிந்த் பிறந்த வீடே அதுதான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே கூவே என்ற ஊரில்தான் முதல் ஆலை வந்தது. செடி வளர்த்தவர்கள், காயவைத்தவர்கள், வடித்தவர்கள் எல்லோருடைய பிழைப்பும் ஒரே ஓட்டில் போனது. அந்த நியூஷாடெல் மாநிலம் தடைக்கு எதிராகத்தான் ஓட்டுப் போட்டது என்பதில் ஆச்சரியம் இல்லை. பிறகு என்ன, சமையலறையிலும் குளியலறையிலும் காய்ச்ச ஆரம்பித்தார்கள். பச்சை நிறம் காட்டிக்கொடுக்கும் என்று நிறம் ஏற்றாமல் தண்ணீர் மாதிரியே வடித்தார்கள். அதற்கு "நீலம்" என்று பெயர் வேறு! காட்டு ஊற்றுகளுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டிலை ஒளித்து வைப்பார்கள். நடந்து வருகிறவர் ஊற்றுத் தண்ணீரைக் கலந்து ஒரு கிளாஸ் குடித்துவிட்டுப் பாட்டிலைத் திரும்ப அதே இடத்தில் வைக்க வேண்டும்.

மாட்டிக்கொண்ட ஒரு அம்மாவைப் பற்றிப் பள்ளத்தாக்கில் ஒரு கதை சொல்வார்கள். நீதிபதி அபராதம் விதித்ததும், "இப்பவே கட்டணுமா, இல்லை வாராவாரம் பாட்டில் வாங்க வருவீங்களே, அப்போ தரட்டுமா?" என்று கேட்டாராம். 1983ல் பிரெஞ்சு அதிபர் மித்தரான் நியூஷாடெலுக்கு வந்தபோது விருந்தில் அப்சிந்த் கலந்த இனிப்புப் பரிமாறப்பட்டது. சாப்பிட்டவர் பத்திரமாக ஊர் போனார், பரிமாறிய உணவகக்காரர் மேல் கேஸ் விழுந்தது.

கதவு திறந்தது மெல்லத்தான். பிரிட்டனில் தடையே இருந்ததில்லை. அங்கே குடித்தவர்கள் குறைவு, யாரும் கவலைப்படவில்லை. ஐரோப்பிய விதிகள் 1988லேயே துஜோனுக்கு வரம்பு வைத்துவிட, பிரான்ஸ் ஒரு தந்திரம் செய்தது. சரக்கை விற்கலாம், ஆனால் அப்சிந்த் என்ற பெயரில் விற்கக் கூடாது. "அப்சிந்த் செடிகளை அடிப்படையாகக் கொண்ட மதுபானம்" என்று ரயில் மாதிரி நீளமாக லேபிள் ஒட்ட வேண்டும். பழைய தடைச் சட்டத்தை முழுதாக நீக்கியது 2011ல். சுவிட்சர்லாந்து 2005 மார்ச் 1 அன்று அனுமதித்தது. அமெரிக்கா 2007ல். அங்கே கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே துஜோன் இருந்தால் "துஜோன் இல்லாதது" என்று கணக்கு. லேபிளில் மனதை மயக்குகிற மாதிரிப் படம் போடக் கூடாது என்றும் நிபந்தனை.

அந்த நிபந்தனை வியாபாரிகளுக்குத்தான் வலித்திருக்கும். குடித்தால் காட்சி தெரியும் என்ற பழைய புரளிதானே இன்றைக்கு இதன் இலவச விளம்பரம்! தடை இல்லாமல் இருந்திருந்தால் அப்சிந்த், பிரான்சில் தாத்தாக்கள் மதியம் குடிக்கும் இன்னொரு சோம்புச் சரக்காக ஓரமாக இருந்திருக்கும். தடைக்குப் பிறகு அந்த இடத்தைப் பிடித்த பாஸ்தி இன்று அப்படித்தான் இருக்கிறது. அதை மர்மம் என்று யாரும் தேடிப் போவதில்லை.

இப்போது சண்டை பெயருக்காக. அப்சிந்த் என்ற சொல்லே தங்களுக்குத்தான் சொந்தம் என்று திரவேர் பள்ளத்தாக்குக்காரர்கள் புவிசார் குறியீடு கேட்டார்கள், கிடைத்தது, 2014ல் நீதிமன்றம் ரத்து செய்தது. அது பொதுப்பெயர், யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டது. அதே 2014ல், பள்ளத்தாக்கின் மோத்தியே ஊரில் அப்சிந்துக்கென்று ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். கட்டடம் புதிது இல்லை. திருட்டுத்தனமாகக் காய்ச்சியவர்களை நிறுத்தி விசாரித்த பழைய நீதிமன்றம். இப்போது டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம். சுற்றிப் பார்த்து முடித்ததும், அங்கேயே இருக்கும் பாரில் ஒரு கிளாஸ் ஊற்றித் தருவார்கள்.