ஏழு எழுத்துத் தாத்தா, பத்து எழுத்துத் தாத்தா

காரைக்கால் என்றதும் உங்களில் பாதிப் பேருக்கு என்ன ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கடைகளைத் தாண்டி, பாரதியார் சாலையில் ஏதாவதொரு ஜெராக்ஸ் கடை வாசலில் நின்று பாருங்கள் சார். பக்கத்து நாகப்பட்டினத்தில் பட்டா, ரேஷன் கார்டு நகல் எடுப்பார்கள். இங்கே கூடவே மடிப்பு கிழிந்த பிரெஞ்சுப் பத்திரமும் வரும்.

எல்லாம் பழைய கதைதான். 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுப் பிரஜைகளாகவே இருக்கலாம். பதினெட்டு நிறையாத பிள்ளைகளுக்கு அப்பா எடுத்ததுதான் முடிவு. விளைவு? அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர், சாப்பாடு ஒரே அடுப்பில்!

என் நண்பர் வீட்டிலும் அப்படித்தான். கையெழுத்துப் போட்டு ‘சொல்தா’வாகப் பட்டாளத்துக்குப் போன பெரியப்பா, இப்போது எண்பது தாண்டி பாரிஸ் பக்கம் இருக்கிறார். “கண்ணு மங்குதுடா, ஒரு தடவை வந்து மூஞ்சியைக் காட்டிட்டுப் போ” என்று போனில் கேட்கிறார். துபாயில் வேலை பார்க்கும் நண்பர் ஒரு மாத லீவில் வந்திருந்தார்.

“பாண்டிச்சேரியிலயே பிரெஞ்சு கான்சல் ஆபீஸ் இருக்கே மாப்ள, நாலு மணி நேர பஸ். இங்கேயே போட்டுடலாம்” என்றார்.

ஷெங்கன் விசாவில் பிறந்த மண் பாசமெல்லாம் எடுபடாது. சட்டப்படி எங்கே குடியிருக்கிறீர்களோ, அங்கேதான் மனு. லீவில் வந்த இடத்தில் போடுவதென்றால் அதற்குத் தகுந்த காரணம் காட்ட வேண்டும். துபாயில் குடியிருப்பு அனுமதி, சம்பளச் சான்று, கம்பெனியின் லீவு கடிதம் எல்லாம் கையில் இருக்க, இங்கே எதற்கு மல்லுக்கட்டு? முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்ஷூரன்ஸையும் அங்கேயே எடுத்துக் கொள்ளலாம். பாங்க் ஸ்டேட்மென்ட் பற்றி மட்டும் ஒரு பி.காம்.காரனாகச் சொல்கிறேன்: முந்தின வாரம் மச்சான் போட்ட மூணு லட்சம், பார்க்கிறவன் கண்ணில் முதலில் விழும்.

காரைக்காலில் சேர்க்க வேண்டியது உறவுக்கு ஆதாரம். அங்கேதான் தாத்தா வந்து நின்றார்.

தாத்தா பெயர் முருகன். நண்பருடைய அப்பாவின் பத்திரத்தில் எம்.யூ.ஆர்.யூ.ஜி.ஏ.என். ஏழே எழுத்து. பெரியப்பாவின் பிரெஞ்சுப் பத்திரத்தில் எம்.ஓ.யூ.ஆர்.ஓ.யூ.ஜி.ஏ.என்.ஈ. பத்து! பிரெஞ்சில் ‘ஊ’ சத்தத்துக்கு ஓ, யூ இரண்டும் சேர வேண்டும். நமக்கு இது ஒரு விஷயமே இல்லை. துபாய் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு தாத்தா. ஆக, பெரியப்பாவும் அப்பாவும் அண்ணன் தம்பியே இல்லை!

நோட்டரியிடம் போய், ‘இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும்’ என்று அப்பாவை விட்டு ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி வாங்கினோம். எழுதிய குமாஸ்தா பெரியப்பா பெயரிலும் ஓ-வை விட்டுவிட்டார். “தமிழ்ல ஒண்ணுதானே சார்?” என்றார். மறுபடி டைப், மறுபடி ஸ்டாம்ப்.

இன்னும் ஒரு காகிதம் பாக்கி. ‘என் வீட்டில்தான் தங்குவான்’ என்று பெரியப்பா அவர் ஊர் ‘மேரி’யில், அதாவது நகராட்சியில், முப்பது யூரோ கட்டி வாங்க வேண்டிய சான்று. அதன் அசலையே தபாலில் துபாய்க்கு அனுப்ப வேண்டும்.

“மகனை அனுப்பி வாங்குங்க பெரியப்பா” என்றார் நண்பர்.

“கையெழுத்து என்னோடதுல்ல? நானே போறேன். உன் பேருக்கு ஓ உண்டா, கிடையாதா, அதை முதல்ல சொல்லு!”