ஒப்படைக்கப்பட்ட தாலந்து

தேர்வு அட்டவணை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டவுடன் எங்கள் வகுப்பில் என் மதிப்பு சற்று உயர்ந்துவிடும்! "ஏலே, எனக்கும் சேத்து ஒரு ஜெபம் பண்ணிருல" என்று கேட்காத நண்பர் இல்லை. நான் கிறிஸ்தவன் என்பதும், ஞாயிறுதோறும் தவறாமல் கோயிலுக்குப் போகிறவன் என்பதும் அவர்களுக்குத் தெரியும். கேட்டவர்களுக்காக ஜெபிப்பதும் உண்டு. அதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் ஜெபத்திற்கும் படிப்பிற்கும் உள்ள உறவை அவர்கள் எண்ணுகிற விதத்தில் நான் எண்ணவில்லை. அதைப் பற்றிச் சில சொல்லவே இக்கட்டுரை.

எங்கள் ஊர் உபதேசியார் பொதுத்தேர்வுக்குப் போகும் பிள்ளைகளைக் கோயிலில் வரிசையாக முழங்காற்படியிடச் செய்து, தலையில் கைவைத்து ஜெபிப்பார். ஜெபம் முடிந்ததும் அவர் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. "படிச்சதத்தான் கர்த்தர் ஞாபகப்படுத்துவாரு. படிக்காதத எங்க இருந்துல எடுத்துக் குடுப்பாரு?" பெரிய பெரிய நற்செய்திக் கூட்டங்களில் கேட்ட பிரசங்கங்களைவிட இந்த ஒரு வாக்கியமே மாணவனாகிய எனக்கு அதிகம் பயன்பட்டிருக்கிறது.

எங்கள் ஊரில் கோயிலும் தொடக்கப்பள்ளியும் ஒரே வளாகம். ஒரு மணிதான், ஆராதனைக்கும் அதுவே, பள்ளிக்கும் அதுவே. தென்மாவட்டங்களில் இத்தகைய ஊர்கள் பல. 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஆலயப் பணியோடு பள்ளிகளையும் தொடங்கினார். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். அச்சிட்ட புத்தகத்தை வாசிக்க ஆள் வேண்டுமன்றோ! ஏழை எளியவனும் வேதத்தைத் தானே வாசிக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் எழுத்து எங்கள் தெருக்களுக்கு வந்தது. எனினும் எங்கள் குடும்பத்தில் வாசிப்பு வேதபுத்தகத்தோடும் பாமாலையோடும் நின்றுவிட்டது. அப்பா ஐந்தாம் வகுப்பு, அம்மா எட்டாம் வகுப்பு. கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே.

அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எனக்கு ஓர் அக்கா உண்டு. என்னைவிட நான்கு வயது மூத்தவள். என்னைவிட நன்றாகப் படித்தவளுங்கூட. அவள் பத்தாம் வகுப்பு முடித்தபோது அப்பாவுக்கு உடல்நலம் குன்றியது. இரண்டு பிள்ளைகளையும் படிக்கவைக்க வீட்டில் வழியில்லை. அக்கா மடியில் சொளகை வைத்துக்கொண்டு பீடி சுற்ற உட்கார்ந்தாள். இன்றும் சுற்றுகிறாள். என் பஸ் கட்டணமும், ரெக்கார்டு நோட்டும், தேர்வுக் கட்டணமும் அந்தச் சொளகிலிருந்து வருபவை.

இயேசு பெருமான் சொன்ன தாலந்து உவமையை நண்பர்கள் பலர் அறிவர். எஜமான் ஒருவர் வெளியூர் போகையில் தம் ஊழியர் மூவரிடம் ஐந்து, இரண்டு, ஒன்று எனத் தாலந்துகளை ஒப்படைத்துச் செல்கிறார். தாலந்து என்றால் ஏதோ சில்லறைக் காசு என்று சிறுவயதில் எண்ணியிருந்தேன். அக்காலக் கூலிக் கணக்கில் ஒரு தாலந்து ஏறக்குறைய 6000 நாள் கூலி என்பர். ஒன்றைப் பெற்றவனும் ஏழை அல்லன்! முதல் இருவரும் வியாபாரம் செய்து இரட்டிப்பாக்கினார்கள். மூன்றாமவன் மண்ணைத் தோண்டிப் புதைத்தான். எஜமான் திரும்பியபோது துடைத்து எடுத்து அப்படியே நீட்டினான். அவன் திருடவில்லை, குடித்து அழிக்கவில்லை, ஒரு காசு குறைக்கவும் இல்லை. ஆயினும் கடிந்துகொள்ளப்பட்டவன் அவனே.

அவன் எனக்கு மிகவும் அறிமுகமானவனாகத் தோன்றுகிறான். வழிகாட்டி நூலில் உள்ள விடையை மனப்பாடம் செய்து, மூன்று மணி நேரம் தலைக்குள் புதைத்து வைத்து, விடைத்தாளில் ஓர் எழுத்தும் மாறாமல் கொட்டிவிட்டு வெளியே வருகிறோமே, அதுவும் அதே வேலைதானே? வாங்கியதை வாங்கியபடியே திருப்பிக் கொடுக்கிறோம். மதிப்பெண் கிடைக்கும்; வட்டி கிடைக்காது.

தாலந்தைக் கொடுத்தவர் கடவுள் ஒருவரே என்று சொல்லிவிட்டால் கணக்கு எளிதாக முடிந்துவிடும். என்னைப் பொறுத்தவரை அது அக்காவின் கைவழியாக வந்தது. அரசுக் கல்லூரி என்பதால் பெயர் தெரியாத எத்தனையோ பேருடைய வரிப்பணத்தின் வழியாகவும் வந்தது. அவர்களில் பலர் கோயிலுக்கு வராதவர்கள். கணக்கு ஒப்புவிக்க வேண்டியது அவர்களுக்குந்தான் என்று நான் நினைக்கிறேன்.

பரிணாமம் முதலிய பாடங்கள் விசுவாசத்துக்கு ஆகாதவை என்று என்னை எச்சரித்த பெரியவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் தானியேலைக் காட்டுவேன். சிறைப்பட்டுப் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட அந்த இளைஞர்கள் ராஜாவின் உணவைத்தான் மறுத்தார்கள். கல்தேயரின் எழுத்தையும் மொழியையும் மறுக்கவில்லை. மூன்றாண்டுப் பயிற்சி அது. நம் பி.எஸ்ஸி.யும் மூன்றாண்டுதான்!

தாவரவியல் மாணவனாகிய எனக்கு மிக நெருக்கமானவர் கிரிகோர் மெண்டல். 1822இல் எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை விபத்தில் அடிபட்டபின் அவர் படிப்பு நின்றுபோகும் நிலை வந்தது. அப்போது அவருடைய தங்கை தெரேசியா தன் திருமணச் சீதனத்தில் ஒரு பங்கை அண்ணன் படிப்புக்கு விட்டுக்கொடுத்தாள். பாடநூலில் இச்செய்தி இல்லை. நூலக நூலொன்றில் படித்தேன். படித்த இடத்தில் சிறிது நேரம் நிறுத்திக்கொண்டேன்.

மெண்டல் 1843இல் புருன் நகரத்து மடத்தில் சேர்ந்தார். பள்ளி ஆசிரியர் தகுதிக்கான தேர்வை 1850இல் எழுதித் தோற்றார். மடம் அவரை வியன்னாப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிப் படிக்கவைத்தது. 1856இல் மீண்டும் எழுதப் போனவர் உடல்நலம் கெட்டுத் தேர்வை முடிக்காமலே திரும்பினார். அத்தகுதி அவருக்குக் கடைசிவரை கிட்டவில்லை. அவர் ஜெபிக்காமலா போயிருப்பார்? குருவானவர் ஆயிற்றே! அதே 1856இல்தான் மடத்துத் தோட்டத்தில் பட்டாணி ஆய்வைத் தொடங்கினார். 35 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம்; நம் ஊர்க் கணக்கில் ஆறு சென்ட். அந்த ஆறு சென்ட் நிலத்தில் எட்டாண்டுகளில் சுமார் 28,000 செடிகளை ஆராய்ந்தார்.

அவர் வெளியிட்ட எண்களைப் பாருங்கள். உருண்டை விதைகள் 5474. சுருங்கிய விதைகள் 1850. (அவர் தேர்வில் தோற்ற ஆண்டின் எண்ணே விதைக் கணக்கிலும் வந்திருப்பதைக் கண்டு சிரித்தேன்.) வகுத்தால் 2.96 வருகிறது. மூன்று என்று அவர் திருத்தவில்லை. அவருடைய எண்கள் எதிர்பார்ப்புக்கு மிதமிஞ்சி நெருக்கமாக உள்ளன என்று ஆர்.ஏ. ஃபிஷர் 1936இல் ஐயம் எழுப்பியதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த விவாதம் பல்லாண்டு நடந்தது. குருவானவர் என்பதற்காக அவர் நோட்டுப் புத்தகத்தை யாரும் சோதிக்காமல் விடவில்லை. அதுவும் சரியே.

நம் ஆய்வகத்திலும் அதே விகிதத்துக்குப் பாசிமணிப் பயிற்சி உண்டு. இரண்டு குவளைகளிலும் கறுப்பு, வெள்ளை மணிகளைச் சம எண்ணிக்கையில் கலந்து, கண்ணை மூடி ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மணியாக நூறு முறை எடுக்க வேண்டும். எடுத்தால் 71:29 வரும், 79:21 வரும். ஆனால் ரெக்கார்டு சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தின இரவில் விடுதி முழுவதும் 75:25 ஆகிவிடுவது ஓர் அற்புதம்! எனக்கு வந்தது 71:29. அதையே எழுதி, எடுத்த முறைகள் குறைவாதலால் வேறுபாடு வந்தது என்று கீழே குறித்தேன். அதனால் மதிப்பெண் கூடவுமில்லை, குறையவுமில்லை. யாரும் பார்க்காத அந்த நான்கு மணிகளில் ஒரு கிறிஸ்தவ மாணவனின் விசுவாசம் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டைவிட அதிகமாகச் சோதிக்கப்படுகிறது என்பது என் எண்ணம். ஏனெனில் அந்த நோட்டின் விலை எத்தனை பீடி என்பது எனக்குத் தெரியும்.

மெண்டல் பின்னாளில் மடத்தின் தலைவரானார். தங்கை தெரேசியாவின் மூன்று மகன்களுடைய படிப்புக்கும் உதவினார்; அவர்களில் இருவர் மருத்துவராயினர். இந்தக் கதையை ஒருநாள் அக்காவிடம் சொன்னேன். சுற்றிக்கொண்டிருந்த பீடியைக் கட்டி வைத்துவிட்டு, "மகன்மாரெல்லாம் படிச்சாங்க, சரி. அந்தத் தங்கச்சி படிச்சாளா?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை.

சென்ற மாதம் பரணிலிருந்து என் பழைய பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்களை இறக்கி வைத்தேன். தனித்தேர்வராக எழுதலாம் என்று அக்காவும் சம்மதித்திருக்கிறாள். ஆனால் அவளுக்கு உயிரியல் வேண்டாமாம், கணக்குப்பதிவியல்தான் வேண்டுமாம். அது நான் படித்திராத பாடம். புத்தகம் வாங்கியாயிற்று, இரவு ஜெபம் முடிந்தபின் இருவருமாக முதல் பாடத்தில் இருக்கிறோம்.