இது என் சொல்தானா?

ஹெலன் கெல்லரின் வாழ்க்கைக் கதையில் ஓரிடம் என்னை எப்போதும் நிறுத்திவிடும். பார்வையும் செவிப்புலனும் இழந்த அவர் 11 வயதில் எழுதிய கதை, முன்பே அச்சான வேறொன்றை ஒத்திருந்தது; பெரியவர்கள் கூடி விசாரித்தார்கள். எப்போதோ விரலெழுத்தால் அவருக்குச் சொல்லப்பட்ட கதை அது. அதன்பின் எதை எழுதினாலும், இது என் சொல்தானா என்ற அச்சம்.

1900-இல் ராட்கிளிஃப் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கட்டுரை ஆசிரியர் கோப்லண்ட், சொந்த அனுபவத்தையே எழுதும்படி ஊக்கினார். அவ்வகுப்புக் கட்டுரைகளிலிருந்தே அந்நூல் 1903-இல் பிறந்தது.

நம் சபையின் முதலாண்டு மாணவி ஒருத்தி தன் வகுப்புக் கட்டுரையைக் காட்டினாள். வாக்கியங்கள் சீராயிருந்தன, அவள்தான் அதில் இல்லை.

"விடுதியில் முதல் இரவு எப்படியிருந்தது, அம்மா?" என்றேன்.

நெடுநேரம் பேசாதிருந்தாள். பிறகு, "அதையெல்லாம் எழுதலாமா, ஐயா?" என்றாள்.