சுமந்தவர் பெயர்

பழைய நகரங்களைக் காண்பதற்குக் குளிர்காலமே ஏற்றது என்பர். கூட்டம் குறைவு, இடிபாடுகளின் முன் நின்று சிந்திக்க அமைதி கிடைக்கும். கிறிஸ்து பிறப்பு விழாப் பணிகள் முடிந்ததொரு சனவரியில், குருமடத்தில் என்னோடு பயின்ற இருவருடன் இத்தாலி நாட்டில் 12 நாள்கள் சுற்றிவரும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. உரோமைப் பேராலயங்களின் அழகைப் பலர் எழுதியிருக்கின்றனர். போடிநாயக்கனூரில் பங்குப்பணி செய்யும் ஒருவனின் கண்ணில் பட்ட வேறொரு செய்தியை இங்கே பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

அந்த நாட்டில் திரும்பிய பக்கமெல்லாம் கல்லில் பெயர்கள். பந்தெயோன் ஆலயத்தின் நெற்றியில், அதைக் கட்டியவன் அக்ரிப்பா என்று பெரிய எழுத்தில் பொறித்துள்ளனர். ஆனால் இன்று நாம் காணும் கட்டடம் அவனுக்கு நூறாண்டுகளுக்கும் மேல் பிற்பட்ட ஆத்ரியான் பேரரசனின் காலத்தில் முடிக்கப்பட்டது. தூய பேதுரு பேராலயத்தின் முகப்பிலும் திருத்தந்தை ஐந்தாம் பவுலின் பெயரும் 1612 என்னும் ஆண்டும் உள்ளன. கற்களை இழுத்து மேலேற்றியவர்களை அந்த முகப்புகள் அறியா.

உரோமையின் பழைய மன்றத்தில், புனித வீதி என்னும் கற்பாதையை ஒட்டி, மக்சென்சியு மாமண்டபத்தின் மூன்று பெரும் வளைவுகள் வானளாவி நிற்கின்றன. அவற்றின் அடியில் புதைந்து கிடப்பது தொமித்தியான் மன்னன் (கி.பி. 81–96) காலத்து நறுமணப் பொருள் கிடங்கு. அதன் பெயரே மிளகுக் கிடங்கு என்பதுதான்! நம் மேற்குமலைச் சரிவுகளில் விளைந்த மிளகு கடல் கடந்து அங்கே குவிந்தது. கி.பி. 408-இல் அலாரிக் உரோமையை முற்றுகையிட்டபோது, விலகிச் செல்வதற்கு அவன் கேட்ட விலையில் பொன்னோடும் வெள்ளியோடும் 3,000 இராத்தல் மிளகும் சேர்ந்திருந்தது.

அந்த மிளகு வந்த வழியைத் தேடியே நேப்பிள்சுக்கு அருகிலுள்ள பொத்சுவோலிக்குச் சென்றோம். எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்து வந்த கப்பல்கள் அந்நாளில் அங்கேதான் சரக்கை இறக்கின. ஊர் நடுவே, பள்ளத்தில், ஒரு பழைய அங்காடியின் மூன்று தூண்கள் தனித்து நிற்கின்றன. ஏறத்தாழ 12 அடி உயரம் வரை அவை வழவழப்பாக உள்ளன. அதற்கு மேல் 9 அடி அளவுக்குக் கடற்சிப்பிகள் குடைந்த துளைகள். எரிமலை நிலமாகையால் அந்த ஊர் மெல்லக் கடலுக்குள் தாழ்ந்து மீண்டும் எழுந்திருக்கிறது.

பொத்சுவோலி என்பது நாம் திருவிவிலியத்தில் வாசிக்கும் புத்தயோலியே. மால்தா தீவில் குளிர்காலத்தைக் கழித்த திருத்தூதர் பவுல், அலெக்சாந்திரியக் கப்பல் ஒன்றில் கைதியாக வந்து இறங்கிய துறைமுகம் அது. மிளகு வந்த துறையிலேயே நற்செய்தியும் வந்தது என நான் மகிழ்ந்தேன். ஆனால் திருத்தூதர் பணிகள் நூலின் 28-ஆம் அதிகாரத்தைத் திறந்து வாசித்தபோது வேறொன்று புலப்பட்டது. பவுலுக்கு முன்பே அங்கே சகோதரர்கள் இருந்தனர். அவரை ஏழு நாள்கள் தங்களோடு தங்க வைத்தனர். அவர்களுக்கு நற்செய்தியை யார் சுமந்து வந்தார்? கப்பலில் பொறித்திருந்த சின்னம் எது என்பதைக்கூடக் குறித்து வைத்த லூக்கா, அந்தச் சகோதரர்களின் பெயர்களைக் குறிக்கவில்லை.

வியன்னாவில் உள்ள ஒரு பப்பிரசு ஏடும் இப்படிப்பட்டதே. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த வணிக ஒப்பந்தம் 1985-இல் வெளியிடப்பட்டது. முசிறியோடு நடந்த வணிகத்தைப் பேசும் அதில் கப்பலின் பெயர் எர்மபொல்லோன் என்று தெளிவாக உள்ளது. பாலைவனத்தின் குறுக்கே சரக்கைக் கொண்டுசெல்ல வேண்டிய ஒட்டகமோட்டியோ வெறும் ஒட்டகமோட்டிதான்.

நம் மலையிலும் இடிபாடுகள் உண்டு. மூணாற்றின் தேயிலையைக் கொண்டுவரக் குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-இல் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டியும், 1908-இல் சிறு இரயிலும் அமைத்தனர். டாப் ஸ்டேசனிலிருந்து பெட்டிகள் ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, பின் போடிக்கு வந்தன. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த இரயிலை அழித்தது. ரோப்வேயின் எச்சங்களை மலையேறுவோர் இன்றும் காணலாம்.

சுமப்பவர்கள் மட்டும் எச்சமாகிவிடவில்லை. விடியற்காலைத் திருப்பலிக்கு மணி ஒலிக்கும் முன்பே, போடிமெட்டுச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்புகள் ஏறத் தொடங்கிவிடும். உள்ளே நெருக்கியடித்து அமர்ந்திருப்போர் ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் நம் பெண்கள். ஏலக்காய்ச் சரம் செடியின் அடியில் தரையை ஒட்டிப் படர்வதால் நாள் முழுதும் குனிந்தே காய் எடுக்க வேண்டும். இருட்டிய பின்னரே வீடு திரும்புவர்.

அன்பியக் கூட்டமொன்றில் என் பயணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். மிளகுக் கிடங்கைப் பற்றிக் கேட்டதும் வயது முதிர்ந்த தோட்டத் தொழிலாளி ஒருவர், "சுமந்தவுக பேரு எதுலயாச்சும் எழுதியிருக்கா சாமி?" என்றார். "இல்லையம்மா" என்றேன். அவர் வியப்படையவில்லை.

அப்போது எங்கள் ஆலயத்திற்கு முகமண்டபம் கட்டும் பணி தொடங்கவிருந்தது. பெருந்தொகை அளிப்போரின் பெயர்களைச் சலவைக்கல்லில் பொறிப்பதென்பது முன்பே பேசப்பட்டிருந்தது. குழல்விளக்கில்கூட 'உபயம்' என எழுதும் வழக்கம் நம்முடையது அன்றோ! ஒரு நாள் கூலியைக் கொடுத்தவர்களும், ஞாயிறன்று மணல் சுமக்க வந்தவர்களும் அந்தக் கல்லில் இடம்பெற மாட்டார்கள். பங்குப் பேரவையில் இதை எடுத்துரைத்தேன். "கல்லில் பெயர் இல்லையென்றால் கொடை குறையும், சாமி" என்றார் பொருளாளர். அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. இரண்டு கூட்டங்கள் விவாதித்தபின், கல் வேண்டாம், எல்லாப் பெயர்களையும் ஒரே பதிவேட்டில் அகர வரிசையில் எழுதுவோம் என்று முடிவாயிற்று.

கொடை குறையத்தான் செய்தது. திட்டமிட்ட கிரானைட்டு தரைக்கு மாறாகச் சிமெண்டுத் தரையே அமைந்தது. அர்ச்சிப்பு நாளன்று காணிக்கைப் பவனிக்கு முன் அந்தப் பதிவேட்டை வாசித்தோம். 20 நிமிடங்களுக்கு மேல் ஆயிற்று. தம் பெயர் வந்தபோது சிலர் தலையைக் குனிந்துகொண்டனர். சிலர், தம்மைக் கூப்பிட்டதாக எண்ணி எழுந்து நின்றனர். ஆண்டுதோறும் ஆலயத் திருவிழாவில் அதை வாசிப்பதென இசைந்திருக்கிறோம். எனக்குப் பின் வரும் பங்குத்தந்தையும் இதைத் தொடர வேண்டும் என்பதே என் வேண்டுதல்.