ஸனதும் பதிவேடும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்கால மாலை. அஸர் தொழுகையை முடித்துப் பெருமுக்கல்லில் நம் இல்லத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். மரக்காணம் சாலையில் நின்ற பேருந்திலிருந்து இறங்கிய பெண் ஒருத்தி நேரே நம்மிடம் வந்தாள். சிறுவயதில் நம்மிடம் குர்ஆன் ஓதியவள். உப்பளத்தில் கூலிவேலை செய்த தந்தை, கடன்பட்டு அவளைச் செவிலியர் படிப்புப் படிக்க வைத்திருந்தார். ஸலாம் உரைத்தவள் வெகுநேரம் பேசவில்லை. நம் துணைவியார் தேநீர் கொடுத்த பின்னரே வாய் திறந்தாள்.

"ஹஜ்ரத், ஒரு கையெழுத்துத்தான் கேட்கிறார்கள். போடலாமா?"

அவள் பணியாற்றிய தனியார் மருத்துவமனையில், முறையாகப் பயிலாத பெண்களை இரவுப் பணியில் விட்டிருந்தார்கள். ஓர் இரவில் முதியவர் ஒருவரின் நிலை மோசமாகி, விடியற்காலையில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். அன்றிரவு அவருடைய நாடியையோ இரத்த அழுத்தத்தையோ யாரும் பார்க்கவில்லை. காலைப் பணிக்கு வந்த இவளிடம், இரவெல்லாம் பார்த்ததுபோல் எண்களை எழுதி, கையெழுத்திட்டுத் தன் பதிவு எண்ணையும் குறிக்கும்படி நிர்வாகி சொல்லியிருக்கிறார். மறுத்தால் வேலை இல்லை.

நாம் உடனே நேரான விடை தந்தோம் என்று எழுத ஆசைதான், உண்மை அதுவன்று. அவள் தந்தையின் கடனும் தங்கையின் நிக்காஹும் நம் மனத்தில் வந்து நின்றன. நிர்ப்பந்தம் பற்றிய ஃபிக்ஹு விதி நாவின் நுனிவரை வந்துவிட்டது. "முதியவர் பிழைத்தாரா?" என்று கேட்டோம். பிழைத்தார் என்றாள். "அப்படியானால்..." என்று தொடங்கினோம்; தொடர முடியவில்லை. எதிர்ச்சுவரில் நம் ஸனது தொங்கிக்கொண்டிருந்தது.

ஏழாண்டு ஓதி முடித்தபோது நம் உஸ்தாத் தந்த அனுமதி அது. அதில் நம் பெயருக்கு மேல் அவர் பெயரும், அவர் பெயருக்கு மேல் அவருடைய உஸ்தாதின் பெயரும் உண்டு. ஹதீஸ் கலையின் அடித்தளமே இந்தச் சங்கிலிதான். அறிவிப்பாளர் ஒவ்வொருவரையும் எடைபோட 'ஜர்ஹ் வ தஅதீல்' என்றொரு தனிக்கலையையே நம் முன்னோர் வளர்த்தனர். நினைவாற்றல் குன்றியவரின் அறிவிப்பைப் பலவீனமானது என்றனர். வேறு வழியில் உறுதிப்பட்டால் ஏற்கவும் செய்தனர். பொய் சொன்னவரையோ அறவே தள்ளினர். தவறியவரும் பொய்யுரைத்தவரும் ஒரே தட்டில் வைக்கப்படவில்லை.

மருத்துவத்துக்கும் இந்த நெறி புதிதன்று. ஹிஜ்ரி 319, அதாவது கி.பி. 931-இல், பக்தாதில் மருத்துவர் ஒருவரின் பிழையால் நோயாளி இறந்த செய்தி கலீஃபா முக்ததிருக்கு எட்டியது. ஸினான் இப்னு ஸாபித் தேர்ந்து அனுமதிக்காத எவரும் மருத்துவம் செய்யலாகாது என்று அவர் ஆணையிட்டார். எண்ணூற்று அறுபதுக்கு மேற்பட்டோர் அப்போது தேர்வுக்கு உட்பட்டதாக வரலாறு கூறுகிறது.

நம் மாநிலத்தில் செவிலியரைப் பதிவு செய்வதற்கான சட்டம் 1926-இலேயே சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. நாடு முழுமைக்குமான இந்திய செவிலியர் மன்றச் சட்டம் 1947-இல் வந்தது. 2023-இல் நாடாளுமன்றம் தேசிய ஆணையம் அமைக்கும் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. சட்டங்கள் மாறினும் அடிப்படை ஒன்றே: ஏட்டில் பெயர் உள்ளவரே செவிலி, பெருங்குற்றம் புரிந்தவரின் பெயரை விசாரித்து ஏட்டிலிருந்து நீக்கலாம். நீதிமன்றம் குற்றத்துக்குத் தண்டனை தருகிறது. பதிவேடு கேட்கும் கேள்வியோ வேறு: நினைவற்றுக் கிடக்கும் ஒரு மனிதரை இந்தக் கைகளிடம் ஒப்படைக்கலாமா?

ஆயினும் பதிவேடு மட்டும் போதுமா? செவிலியர் கல்விக்கு வித்திட்ட ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரே, இங்கிலாந்தில் பதிவுமுறையை எதிர்த்தவர். தேர்வும் ஏடும் ஒழுக்கத்தை அளக்கமாட்டா என்பது அவர் வாதம். அவர் மறைந்த பின், 1919-இல்தான் அங்கே சட்டம் பிறந்தது. அவர் ஐயத்தில் பொருளுண்டு என்பதை இராசிபுரம் நமக்குக் காட்டியது. 2019 ஏப்ரலில், செவிலிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பெண்மணி ஒருவர் பச்சிளங் குழந்தைகளுக்கு விலை பேசுவதாக ஓர் ஒலிப்பதிவு பரவிற்று. பிறப்புச் சான்றிதழுக்கும் ஏற்பாடு உண்டென்று அதில் கேட்டபோது தமிழகம் பதைத்தது. அவரும் வேறு சிலரும் கைதாயினர், வழக்கு சி.பி.சி.ஐ.டி. பிரிவிடம் சென்றது. அந்தக் குரல் அதில் பெருமையோடு சொன்ன காலம் முப்பது ஆண்டு! எந்த ஏடு அதைக் கண்டது?

ஏடு தானாக எதையும் காணாது. பொய்யை எழுத மறுக்கும் ஒரு கை வேண்டும். மறுத்ததனால் வரும் இழப்பைத் தாங்க ஒரு குடும்பம் வேண்டும்.

"மகளே, களைப்பினால் பார்க்கத் தவறியிருந்தால் அது பிழை, ஒப்புக்கொண்டால் திருந்தலாம். பார்க்காததைப் பார்த்ததாக எழுதினால் நீ பொய் அறிவிப்பாளர். அடுத்த மருத்துவர் உன் எண்ணை நம்பித்தானே மருந்து கொடுப்பார்?" என்றோம்.

"நாளை தவ்பா செய்தால்?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்வியில் இமாம்களே கருத்து வேறுபட்டிருக்கிறார்கள். ஹதீஸில் வேண்டுமென்றே பொய்யுரைத்தவர் தவ்பா செய்தாலும் அவர் அறிவிப்பை ஏற்பதில்லை என்றார் இமாம் அஹ்மத் (ரஹ்). உண்மையான தவ்பாவுக்குப் பின் ஏற்கலாம் என்றார் இமாம் நவவீ (ரஹ்). திருந்தியவர் மீள ஒரு வாசல் வேண்டும் என்பதே நம் மனச்சாய்வு. ஆனால் அல்லாஹ் மன்னிப்பது ஒன்று. மக்கள் மீண்டும் நம்புவது வேறொன்று. முன்னது ஒரு நொடியில் கிட்டலாம். பின்னதற்கு ஆண்டுகள் ஆகும்.

அவள் கையெழுத்திடவில்லை. வேலை போயிற்று, அம்மாதச் சம்பளமும் வரவில்லை. அவள் தந்தை சில மாதங்கள் நம் முகம் பார்க்கவில்லை. அதில் அவருக்கு நியாயம் இருந்தது. யோசனை சொல்வது நமக்கு எளிது. கடன்காரன் வந்து நின்றது அவர் வாசலில் அல்லவா? பிறகு வேறோர் ஊரில் அவளுக்குப் பணி கிடைத்தது, முன்னதைவிடக் குறைந்த ஊதியத்தில்.

செவிலியராகத் தம் பெண்மக்களை அனுப்பியிருக்கும் குடும்பத்தாருக்கு ஒன்று சொல்வோம். உங்கள் மகள் ஒருநாள் வேலையின்றி வீடு திரும்பினால், "ஏன் விட்டாய்?" என்று கேட்குமுன் "எதை மறுத்தாய்?" என்று கேளுங்கள். அவள் பெயர் அந்த ஏட்டில் மாசின்றி நிற்பதற்கு நீங்களும் பொறுப்பாளர்களே.

யா அல்லாஹ்! எங்கள் நாவையும் எங்கள் எழுத்தையும் பொய்யிலிருந்து காப்பாயாக. ஆமீன்.